திருட்டே நடக்காத நகரின் பூட்டுக்காரர்

அலமேலு நகரில் திருடர்கள் ஒழிந்து தொண்ணூற்றாறு நாட்கள் ஆகியிருந்தன. நகர் வாசலில் இருந்த பலகையே அதைச் சொன்னது. பச்சை எழுத்தில் 'திருட்டு: 0'. அதற்குக் கீழே 'நாட்கள்: 96'. தினமும் காலையில் நலச்சங்கச் செயலாளர் ஸ்ரீநிவாசராகவன் நடைப்பயிற்சிக்குப் போகிற வழியில் நாட்களை மட்டும் மாற்றி எழுதுவார். பூஜ்யத்தைத் தொடவே மாட்டார்.

சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தவர்கள் இப்போது பலகையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தார்கள். பீர்க்கன்கரணையிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். செல்ஃபி எடுத்தார்கள். ஓர் அம்மாள் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சூடம் ஏற்றினார். பூஜ்யத்துக்குச் சூடம் காட்டியது அனேகமாக உலகத்திலேயே அதுதான் முதல் தடவை.

எல்லாம் நேத்ரானந்த சாமியின் மகிமை. அவர் வீட்டுக்கு வீடு கொடுத்தது ஒரு 'நெற்றிக்கண்'. பார்ப்பதற்கு சிசிடிவி கேமரா மாதிரியே இருக்கும். ஒயர் கிடையாது. மெமரி கார்டு கிடையாது. உள்ளே மந்திரித்த விபூதி, முன்னால் சிவப்பாக மினுக்கும் ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

"மனுஷன் செஞ்ச கேமரா திருடனைத்தான் பார்க்கும். இது திருடனோட எண்ணத்தையே பார்க்கும்" என்றார் சாமி. விலை நாலாயிரத்து ஐந்நூறு. மாதம் ஒருமுறை விபூதி ரீசார்ஜ், அது தனி.

நெற்றிக்கண்ணுக்கு வெளிச்சம் ஆகாதாம், கூசுமாம். அதனால் வாசல் விளக்குகளை அணைத்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு பார்வை கூடாதாம். அதனால் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த நிஜமான கேமராக்களைக் கழற்றினார்கள். வாட்ச்மேனை மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நெற்றிக்கண்ணைத் திறந்து பார்த்தால் பார்த்தவன் கண் போய்விடும். இதையெல்லாம் மீறி ஒரு வீட்டில் ஏதாவது காணாமல் போனால், அந்த வீட்டில் யாரோ சந்தேகப்படுகிறார்கள் என்று அர்த்தம். அதை வெளியே சொல்லக் கூடாது. ஏனென்றால் சந்தேகம் ஜலதோஷம் மாதிரி, அடுத்த வீட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

படித்த காலனி. பாதிப் பேர் பட்டதாரிகள், மீதிப் பேர் முதுகலை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

நகர் வாசலில், அந்தப் பலகைக்கு நேர் எதிரே, தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் அப்பாதுரையின் கடை. ஒரு இரும்பு மேஜை, சாவி வெட்டும் இயந்திரம், கம்பியில் கோத்துத் தொங்கும் நூற்றுக்கணக்கான சாவிகள். பதினெட்டு வருஷமாக அதே மரம், அதே நிழல். பூஜ்யம் வந்ததும் பிழைப்பு போச்சு என்றுதான் முதலில் அவர் பயந்தார். ஆனால் அந்தப் பதினெட்டு வருஷத்தில் பார்க்காத வியாபாரத்தை இந்தத் தொண்ணூற்றாறு நாட்களில் பார்த்துவிட்டார்.

முதலில் வந்தவர் ஓர் ஓய்வுபெற்ற என்ஜினீயர். துண்டுக்குள் மறைத்து ஒரு பூட்டைக் கொண்டுவந்தார். கடப்பாரையால் நெம்பிய பூட்டு.

"ஏரிக் காத்துல துரு பிடிச்சுடுச்சுப்பா. வெளியில சொல்லாதே."

துரு பிடித்தால் பூட்டு இரண்டாக மடங்கும் என்று அப்பாதுரைக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்து வந்தவன் ஹர்ஷா. சாஃப்ட்வேர் கம்பெனிப் பையன்.

"அண்ணா, சைக்கிளுக்கு ஒரு செயின் பூட்டு குடுங்க."

"போன மாசந்தான தம்பி வாங்கினு போன?"

"தொலைஞ்சுபோச்சு."

"சைக்கிளு கீதா?"

ஹர்ஷா சுற்றுமுற்றும் பார்த்தான். "சர்வீஸுக்கு விட்டிருக்கேன்னு வெச்சுக்கோங்க."

செயலாளரே ஒரு நாள் வந்தார், முன்கதவுப் பூட்டோடு. "பூனை தாவிடுத்து" என்றார். அப்பாதுரை பூட்டைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார். அந்தப் பூனையிடம் நல்ல கம்பி வெட்டும் கருவி ஒன்று இருந்திருக்க வேண்டும்.

யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. ஒரு பூட்டுக்காரன் வாய் திறந்தால் அப்புறம் எந்த வீடு அவனை நம்பிக் கூப்பிடும்? ஆனால் ஒன்று மட்டும் அவருக்கு நன்றாகப் புரிந்தது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வீட்டில் மட்டும்தான் திருட்டு நடந்தது என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். முழுக் கணக்கும் தெரிந்த ஒரே ஆள் மரத்தடியில் சாவி வெட்டிக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றாறாம் நாள் செயலாளர் நேராகக் கடைக்கு வந்தார்.

"அப்பாதுரை, ஞாயித்துக்கிழமை நூறாவது நாள் விழா. சாமி வரார். அன்னிக்கே கடையை எடுத்துடணும்."

"எடுத்துனு போய் எங்க சார் வெக்கிறது?"

"அது என் டிபார்ட்மென்ட் இல்லே. திருட்டே இல்லாத நகர் வாசல்ல பூட்டுக்கடைக்கு க்யூ நின்னா பாக்கறவா என்ன நினைப்பா? சாமியே சொல்லிட்டார். பூட்டுங்கறது சந்தேகத்தோட சின்னம்." குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் சொன்னார். எல்லாராத்துச் சாவியும் உன் கையில வந்துட்டுப் போறது. புரிஞ்சுக்கோங்கோன்னார்."

அப்பாதுரை கையிலிருந்த சாவியை மேஜையில் வைத்தார். "சார், திருட்டே நடக்கலன்னு போர்டு கீது. ஆனா திருடன் மட்டும் நானா?"

"குதர்க்கம் பேசாதே."

"போன செவ்வாக்கெழம உங்க வூட்டு பூட்டு..."

"அது பூனை!"

மாலைக்குள் செய்தி பரவிவிட்டது. நடக்காத திருட்டையெல்லாம் செய்தவன் சாவிக்காரன்தான். நேற்றுவரை 'அண்ணா' என்ற வாய்கள் அவரைக் கண்டதும் கைப்பையை இறுக்கிப் பிடித்தன. கடை போனால் இன்னொரு மரம் தேடிக்கொள்ளலாம். திருடன் என்ற பெயரோடு எந்த ஊர் மரத்தடியில் சாவி வெட்ட முடியும்?

ஏரிக்கரையில் அவர் மனைவி கிளியம்மாள் சுண்டல் வண்டி போட்டிருந்தாள். மறுநாளைக்கு ஊறவைக்க இரண்டு பைக் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா, மூஞ்சி தொங்கினு கீது?"

சொன்னார்.

"எத்தினி வூட்டு பூட்டுய்யா உன் கைக்கு வந்துச்சு?"

"முப்பதுக்கு மேல."

"அத்தப் போய் மைக்ல சொல்லு."

"எப்டி சொல்றது? ஒவ்வொருத்தரும் வெளிய சொல்லாதன்னு கெஞ்சிக் குடுத்தாங்க. நம்ம தொழில்ல வாயிக்குத்தான் மொதல்ல பூட்டு."

"நீ சொல்லாத. அவுங்களயே சொல்ல வை."

"செத்தாலும் வாயத் தொறக்க மாட்டாங்க, கௌரவக்காரங்க."

கிளியம்மாள் சிரித்தாள். "வாய் எதுக்குய்யா? கை கீதுல்ல?" இரண்டு பைகளிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு கறுப்புக் கொண்டைக்கடலை, ஒரு வெள்ளைக் கொண்டைக்கடலை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பந்தல், வாழைமரம், டிகிரி காபி, காதைக் கிழிக்கும் ஸ்பீக்கர். பலகையில் நாட்கள் நூறு. அக்கம்பக்கத்து நகர்களிலிருந்து ஆர்டர் கொடுக்க வந்த கூட்டம் ஏரிக்கரை வரை நின்றது. சாமி வெள்ளைக் காரில் வந்தார். வந்ததும் இறங்கவில்லை. உள்ளே குனிந்து எதையோ 'கடக்' என்று போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினார். பக்தர்கள் அதை ஒரு முத்திரை என்று நினைத்துக் கும்பிட்டார்கள். அப்பாதுரைக்கு மட்டும் அந்தச் சத்தம் நன்றாகப் பழகிய சத்தமாகப் பட்டது.

"நூறு நாள்! பூஜ்யம் திருட்டு!" என்று மைக்கில் முழங்கினார் சாமி. கைத்தட்டல். "பூட்டுகிறவன் சந்தேகப்படுகிறவன். இந்த நகரின் கடைசிச் சந்தேகம் அதோ, அந்த மரத்தடியில் இருக்கிறது. இன்றோடு அது அகலட்டும்!"

எல்லாத் தலைகளும் திரும்பின. அப்பாதுரை இரண்டு கைகளிலும் இரண்டு பிளாஸ்டிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்று ஊதா, ஒன்று பச்சை. பின்னால் கடலைப் பைகளோடு கிளியம்மாள்.

"போய்டறேன் சாமி. போறதுக்கு முன்னால ஒரே ஒரு வேண்டுதல். வூட்டுக்கு ஒருத்தர் வரட்டும். ஒரு கறுப்புக் கடலை, ஒரு வெள்ளைக் கடலை குடுப்போம். இந்த நூறு நாள்ல வூட்ல ஒண்ணும் திருடு போகலன்னா வெள்ளைய ஊதாக் குடத்துல போடணும். போயிருந்தா கறுப்பு. மிச்சம் இருக்கிறது பச்சைக் குடத்துக்கு. கை உள்ள போறதால யாரு எத்தப் போட்டாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஊதாக் குடத்துல ஒரு கறுப்புகூட இல்லன்னா உங்க மகிமைக்கு அத்தாட்சி. நான் ஊர விட்டே போய்டறேன்."

சாமியின் சிரிப்பு ஒரு விநாடி தடுமாறியது. "தெய்வத்தைச் சோதிப்பதா?"

அதற்குள் வரலாற்று ஆசிரியை மாளவிகா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "சார், இது குடவோலை முறை! சோழர் காலத்துல உத்திரமேரூர்ல இப்படித்தான் குடத்துல ஓலையைப் போட்டுத் தேர்ந்தெடுத்தாங்க!"

"சோழர் காலத்து முறையா?" செயலாளரின் முகம் மலர்ந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பேஷா பண்ணலாம்! பூஜ்யம்னா பூஜ்யந்தானே?"

முதலில் அவரே எழுந்தார். அவர் மனைவி அபிதகுஜாம்பாள் அவர் வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தாள். "நான் போறேன். நீங்க உக்காருங்கோ."

அவள் கை ஊதாக் குடத்துக்குள் போனது. டக். பச்சைக் குடத்தில் இன்னொரு டக். அடுத்து என்ஜினீயர். டக், டக். ஹர்ஷா. டக், டக். அப்பாதுரை சத்தத்தை உற்றுக் கேட்டார். இருபது அடி தள்ளி நின்றே எந்தப் பூட்டு எந்தச் சாவிக்குத் திறக்கிறது என்று சொல்லிவிடுவார். கடலையின் நிறம் மட்டும் காதுக்குத் தெரியவில்லை. எல்லோரும் கௌரவத்துக்காக வெள்ளையைப் போட்டுவிட்டால்? கிளியம்மாள் பக்கம் பார்த்தார். அவள் நிம்மதியாகக் கடலை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தெட்டு வீடுகள் முடிந்தன. ஹர்ஷா ஊதாக் குடத்தைத் தாம்பாளத்தில் கவிழ்த்தான்.

தாம்பாளம் கறுப்பாக இருந்தது.

"முப்பத்து மூணு கறுப்பு. அஞ்சு வெள்ளை" என்றான். மைக் கையில் இருந்ததால் அது ஏரியின் அடுத்த கரை வரைக்கும் கேட்டது.

ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார். உனக்குமா? உனக்குமா?

"என் வெள்ளிக் கூஜா!" என்று வெடித்தாள் அபிதகுஜாம்பாள். "எங்கம்மா சீர் குடுத்தது! பூனையாம் பூனை! எந்தப் பூனை வெள்ளிக் கூஜாவைத் தூக்கிண்டு போகும்?"

அணை உடைந்தது.

"என் சைக்கிள்!" "எங்க தண்ணி மோட்டார்!" "ரெண்டு பவுன் வளையல்!" "ரெண்டுதானா? எங்களுக்கு அஞ்சு பவுன்!" "ஸ்கூட்டர் போச்சு சார் எனக்கு, ஸ்கூட்டர்!" இழந்ததை உரக்கச் சொல்வதில் போட்டியே நடந்தது. மூன்று மாதமாகத் தொண்டையில் அடைத்திருந்ததெல்லாம் வெளியே வந்த வேகத்தில் சிலர் அழுதார்கள், பலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திருடு போகாத ஐந்து வீட்டுக்காரர்கள்தான் என்னவோ குற்றம் செய்தவர்களைப் போல நெளிந்தார்கள்.

"பக்தி குறைவு!" என்று கத்தினார் சாமி. "அந்த ஐந்து வீடுகளைப் பாருங்கள்! உண்மையான நம்பிக்கை!"

ஐவரில் ஒருவரான ஜெயவேலு, பழைய ஊர்க்காரர், தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தார். "நம்பிக்கையெல்லாம் இல்லீங்க சாமி. நாங்க ரீசார்ஜே பண்ணல. வாசல் லைட்ட அணைக்கணும்னு சொன்னீங்க, அதையும் மறந்துட்டோம். ராத்திரி பூரா எரிஞ்சுகினுதான் கீது."

மற்ற நாலு பேரும் கேட்காமலே கை தூக்கினார்கள். அவர்கள் வீட்டிலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அப்பாதுரை பந்தல் காலில் கட்டியிருந்த நெற்றிக்கண்ணைக் கழற்றி ஸ்க்ரூடிரைவரை வைத்தார்.

"கண் போயிடும்!" என்று யாரோ அலறினார்கள். முன்வரிசை முழுவதும் கண்களை இறுக மூடிக்கொண்டது.

நாலு திருகு. உள்ளே இரண்டு பென்சில் பேட்டரி, ஒரு சின்ன சிவப்பு பல்பு, ஒரு சிட்டிகை விபூதி.

"கண்ணத் தொறங்க சார். நூறு நாளா மூடினு இருந்தது போதாதா?"

சாமியை அதற்குள் மேடையில் காணோம். காரில் இருந்தார். எஞ்சின் உறுமியது, கார் மட்டும் நகரவில்லை. கியர் பூட்டைத் திறக்கிற அவசரத்தில் சாவி பாதியில் முறிந்து உள்ளே மாட்டிக்கொண்டது. கூட்டம் காரைச் சூழ்ந்தது. கண்ணாடி மெல்ல இறங்கியது.

"அண்ணா, கொஞ்சம் தொறந்து குடுங்கண்ணா."

அப்பாதுரை குனிந்து உள்ளே பார்த்தார். "பூட்டு சந்தேகத்தோட சின்னம்னீங்களே சாமி. வண்டிக்கு எதுக்கு?"

"காலம் கெட்டுக் கெடக்கு அண்ணா" என்றார் சாமி. அன்று முழுவதும் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"தொறக்கலாம். அரை மணி ஆவும். போலீஸ் வர்றதுக்கு இருபது நிமிஷம் ஆவுமாம்."

போலீஸ் பெயர் கேட்டபோது நேத்ரானந்த சாமி தன் பெயர் ஷ்யாம்சுந்தர் என்றார். கேமரா ரிப்பேர்க் கடையில் வேலை பார்த்தவராம்.

அன்று மதியமே முப்பத்து மூன்று பேரும் வரிசையில் நின்று புகார் எழுதிக் கொடுத்தார்கள். வாசல் விளக்குகள் எரிந்தன. பழைய கேமராக்கள் ஏறின. வாட்ச்மேன் மறுபடி மாலையோடு வந்தார். ஸ்ரீநிவாசராகவன் தலையைக் குனிந்துகொண்டு பூஜ்யத்தை அழித்து 33 என்று எழுதினார். பிறகு மரத்தடிக்கு வந்து, "மன்னிச்சுடுப்பா, அது பூனை இல்லே" என்றார்.

மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பறந்தது. 'சாமி இருந்தவரை பூஜ்யம்! சாமியைத் துரத்திய ஒரே நாளில் 33 திருட்டு! பார்த்தீர்களா மகிமையை?'

மாலையில் பீர்க்கன்கரணையிலிருந்து ஒருவர் சுண்டல் வண்டிக்கு வந்து அதைக் காட்டினார். "அம்மா, அந்தச் சாமி எப்ப வெளிய வருவார்? எங்க தெருவுக்குக் கூப்பிடணும்."

கிளியம்மாள் போனைப் பார்த்தாள். ஒரு கறுப்புக் கடலையையும் ஒரு வெள்ளைக் கடலையையும் எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"மொதல்ல உங்க தெருவுல ஒரு குடத்த வை சார். எண்ணிப் பாரு. அப்புறம் சாமியக் கூப்டலாமா வாணாமான்னு நீயே யோசி. யோசிக்கிறதுக்கு மாசாமாசம் ரீசார்ஜ் பண்ண வாணாம்."