மீதியாகக் கிடந்த ஒரு புளியங்கொட்டை

பிள்ளைகளே, கேட்காத இடத்தில் உதவி செய்யப் போவது ஒரு வியாதி. எனக்கு அது முற்றிப்போய்விட்டது.

என் தொழில் பந்தல் போடுவது. கோயிலில் விளக்கு பூஜை என்றால் ஆயிரத்தெட்டு விளக்குக்கும் வரிசை பிடிப்பவன் நான்தான். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. (அதிலும் கணக்கு வாத்தியாரைக் கண்டால் வேலி தாண்டியவன்.)

போன வருஷம் என் மகள் மகா எட்டாம் வகுப்பு. திருப்பத்தூரில் கணக்குக் கண்காட்சி. அதில் முதலிடம் வந்தால் சிவகங்கையில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்குப் போகலாம். அதற்காக வீடு வீடாகப் போய்ப் புளியங்கொட்டை சேர்த்தாள். பையைச் சுமப்பது மட்டும்தான் எனக்குக் கொடுத்த வேலை. அதோடு நின்றிருக்கலாம்.

கண்காட்சிக் கூடத்தின் தரையில் வெள்ளைத் துணி விரித்து, வரிசைக்கு இருபத்துநாலாக அடுக்கினாள். நாற்பத்திரண்டு வரிசை முடிந்து, ஒரே ஒரு கொட்டை தனியாகக் கிடந்தது. மேலே அட்டையில் '1009 ஒரு பகா எண்' என்று எழுதியிருந்தாள்.

"நடுவர் வாராகளான்னு பாத்துட்டு வாரேன். இங்குட்டே நில்லுங்கப்பா" என்று ஓடினாள்.

நின்றேன். அந்த ஒற்றைக் கொட்டை கண்ணை உறுத்தியது. ஆயிரத்தெட்டுதானே சாமி கணக்கு? ஆயிரத்தொன்பது விளக்கு என்று எந்த ஊரில் ஏற்றியிருக்கிறார்கள்? பாவம், பிள்ளை அவசரத்தில் ஒன்றைக் கூடுதலாக எண்ணிவிட்டது. கொட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். அங்கே கிடந்த ஸ்கெட்ச் பேனாவால் 9இன் வாலை மடக்கி 8 ஆக்கினேன். (அழகாகவே வந்தது.)

மகாவோடு வந்த நடுவர் அட்டையைப் படித்தார். "ஏம்மா, ரெட்டைப்படை எண்ணு எப்படிம்மா பகா எண்ணாகும்?"

மகா அட்டையைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். "ஒண்ணு மீதி இருந்துச்சு சார்..." என்று மண்டி போட்டுத் தேட ஆரம்பித்தாள்.

"நான்தான் சார் எடுத்தேன்" என்று கொட்டையை நீட்டினேன். "சாமி கணக்குன்னு நெனச்சு, அட்டையையும் திருத்திட்டேன்."

அவர் பார்த்த பார்வையில் என் பந்தல் அத்தனையும் சரிந்திருக்கும். "அப்ப இதெல்லாம் பிள்ளை செஞ்சதா, நீங்க செஞ்சதா?" என்றார். பதிலுக்கு நிற்காமல் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

சிவகங்கை பஸ்ஸில் ஒக்கூர் திரும்பினோம். திருக்கோஷ்டியூர் தாண்டியதும் மகா சொன்னாள்:

"எத்தனை எத்தனையா அடுக்குனாலும் அது சமமா வராதுப்பா. ஒத்தை ஒத்தையா வைக்கலாம், இல்லைன்னா மொத்தத்தையும் ஒரே வரிசையா வைக்கலாம். அதான் பகா எண். அந்த ஒத்தக் கொட்டைதாம்ப்பா என் கணக்கே. அதைப் போயி எடுத்துட்டீக."

"நாளைக்கு நான் வேணா போயி அவுககிட்ட பேசட்டுமா தாயி?"

"வேணாம்ப்பா. அங்க போயும் எதையாச்சும் திருத்திருவீக."

எங்களை ஒக்கூரில் இறக்கிவிட்டு பஸ் சிவகங்கைக்குப் போனது. அது கண்ணுக்கு மறையும் வரை மகா ரோட்டோரத்திலேயே நின்றாள்.

இப்போதும் வீட்டில் தட்டில் ஒரே ஒரு பணியாரம் மிஞ்சினால் என் மனைவி சொல்வாள்: "அசந்துராதீங்கடா, அப்பா எடுத்துச் சட்டைப் பையில போட்ருவாக."

சின்னவன் உருண்டு புரண்டு சிரிப்பான். நானும் சிரிப்பேன். மகாவும் சிரிப்பாள், நாங்கள் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு.