பன்னிரண்டு கிலோவாட் அப்பா

“அது புகை இல்லை மேடம், மூடுபனி” என்றார் அப்பா.

நகராட்சியிலிருந்து வந்த பெண் அண்ணாந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். இங்கிலாந்தில், அதுவும் ஷெஃபீல்டில், வானம் நீலமாக இருப்பதே அபூர்வம். அன்றைக்குப் பார்த்து துடைத்துவிட்ட தட்டு மாதிரி இருந்தது. தெரு முழுக்க வெயில். எங்கள் புகைபோக்கிக்கு மேலே மட்டும் மூடுபனி. அதுவும் கறுப்பு மூடுபனி.

“உங்க வீட்டுக்குன்னு தனியா வந்திருக்கு போல” என்றாள்.

“மேடான தெரு பாருங்க. இங்க அப்படித்தான்.”

“நைஜல், அவங்களை வாசல்லயே நிக்க வெச்சுப் பேசாதே” என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “உள்ள வாங்கம்மா. டீ போட்டாச்சு.”

கோட்டைக் கதவைத் திறந்து எதிரிப் படைக்கு வெற்றிலை பாக்கு நீட்டிய காவல்காரனைப் பார்ப்பது போல அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்டுகொள்ளவில்லை. நல்ல கோப்பையை வேறு எடுத்திருந்தாள்.

அந்தப் பெண் முன்னறைக்குள் வந்தாள். அடுப்பைப் பார்த்தாள். ஒரு அடி பின்னால் போனாள். யாராக இருந்தாலும் போவார்கள். எங்கள் முன்னறை ஒரு சின்னத் தீப்பெட்டி. அதில் பாதியை அடைத்துக்கொண்டு, குளிருக்காக அப்பா வாங்கிய கணப்பு அடுப்பு உட்கார்ந்திருந்தது. நாலு இரும்புக் கால், பன்றித் தலை மாதிரி ஒரு கைப்பிடி, புகை படிந்து ஒன்றும் தெரியாத கண்ணாடி.

“இந்த ஊர்ல விறகு எரிக்கணும்னா அனுமதி பெற்ற அடுப்பு வேணும். தெரியுமில்லையா சார்? இது அந்த வகை இல்லையே.”

“இதுல விறகும் போடலாம், கரியும் போடலாம்” என்றார் அப்பா பெருமையாக.

“அப்போ ரெண்டு விதத்திலயும் தப்பு பண்ணலாம்னு சொல்றீங்க.”

அம்மா சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

இதை இனிமேல் பற்ற வைக்கக் கூடாது, வைத்தால் அடுத்த தடவை அபராதம் என்றாள் அந்தப் பெண். அப்பா அதைக் காதில் வாங்கவே இல்லை. அவருக்கு வேறொரு கவலை.

“யாரு புகார் கொடுத்தது?”

“அதைச் சொல்லக்கூடாது சார்.”

“நீங்க சொல்ல வேண்டாம். பக்கத்து வீடுன்னா, ஒரு பிஸ்கட் எடுத்துக்குங்க.”

பாவம், அந்தப் பெண்ணின் கை ஏற்கெனவே தட்டுக்குப் பாதி வழியில் இருந்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை போல. எடுத்தாள்.

அவ்வளவுதான். அப்பாவுக்குத் தீர்ப்பு வந்துவிட்டது.

பக்கத்து வீடு என்றால் வில்ஃப் மாமா. எனக்கு நிஜ மாமா இல்லை. ஆனால் நான் பிறந்ததிலிருந்தே அவர் மாமா. எங்கள் வீடும் அவர் வீடும் ஒட்டிப் பிறந்தவை. ஒரே சுவர், ஒரே கூரை, மேலே ஒரே மேடையில் ரெண்டு புகைபோக்கி. அப்பா பஸ் ஓட்டப் போவதற்கு முன்னால் தினமும் கொல்லைப்புறச் சுவரில் ஒரு கோப்பை டீயோடு சாய்ந்து நிற்பார். அந்தப் பக்கம் வில்ஃப் மாமா அவருடைய கோப்பையோடு சாய்ந்து நிற்பார். மழையைப் பற்றிப் பேசுவார்கள். மழை இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று பேசுவார்கள். அப்பாவுக்கு வேறு நண்பர் என்று சொல்ல யாரும் கிடையாது. பஸ்ஸில் ஏறுகிற எல்லோரிடமும் சண்டை போடுகிற மனிதருக்கு ஒரு நண்பர் கிடைத்ததே பெரிசு.

அந்த வில்ஃப் மாமா, வீட்டை விற்றுவிட்டுக் கடற்கரை ஊரான கிரிம்ஸ்பியில் இருக்கும் மகனோடு இருக்கப் போகிறார். வருகிற சனிக்கிழமை வண்டி வருகிறது. நகராட்சிப் பெண் வந்தது திங்கட்கிழமை.

இந்த அடுப்பு எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் எரிவாயுச் செலவைப் பார்த்த அப்பா, “இனிமே இந்த வீட்டுக்கு நெருப்பு நான் குடுக்கறேன்” என்று அறிவித்தார். மூவரும் அடுப்புக் கடைக்குப் போனோம். கடைக்காரம்மா முதலில் கேட்டது அறையின் நீள அகலத்தை. அம்மா சொன்னாள்.

“நாலு கிலோவாட் தாராளம் கண்ணு” என்றார் கடைக்காரம்மா. “அஞ்சு ரொம்ப அதிகம்.”

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. அவரையே அளந்து நாலு கிலோவாட் என்று சொன்ன மாதிரி.

“பெரிசா எதுவும் இல்லையா?”

“இருக்கே. ஆனா பெரிசு வாங்கினா சூடு தாங்காது. சூடு தாங்கலைன்னு காத்தை அடைப்பீங்க. காத்தை அடைச்சா விறகு எரியாம வேகும். வெந்தா புகை. இந்தச் சின்னது பாருங்க, காத்துக் கதவு முழுசா மூடவே மூடாது. அதனாலதான் ஊருக்குள்ள வைக்க அனுமதி.”

சின்னது பச்சை நிறம். அம்மா அதன் தலையில் கை வைத்தாள். பூனையைத் தடவுவது போல ஒரு தடவு தடவினாள். எனக்கும் பிடித்திருந்தது.

“மூடாத கதவுக்கு எதுக்குக் காசு குடுக்கணும்?” என்று அப்பா வெளியே நடந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு மலைப்பக்கம் ஒரு பண்ணையில் பழைய அடுப்பு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். அங்கெல்லாம் என்ன எரித்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்பதற்கு ஆடுகள்தான் உண்டு. பன்னிரண்டு கிலோவாட். வேனிலிருந்து இறக்க நாலு பஸ் டிரைவர்கள் வந்தார்கள்.

“எப்படி இருக்கு லொரெய்ன்?”

அம்மா அதைச் சுற்றி வந்தாள். “சரி. உன் இஷ்டம்.”

அம்மா கத்தினால் எனக்குப் பயமில்லை. “சரி” என்றால்தான் பயம். அப்பாவுக்கு இவ்வளவு வருஷமாகியும் அது புரியவில்லை.

பற்ற வைத்த முதல் நாளே முன்னறை பேக்கரி ஆகிவிட்டது. வெளியே பனி. உள்ளே அப்பா நீச்சல் கால்சட்டையோடு செய்தி பார்த்தார். அலமாரியில் இருந்த மெழுகுவர்த்தி தலை குனிந்தது. நான் ஜன்னலைத் திறந்தேன். அம்மா கதவைத் திறந்தாள். கடைசியில் அப்பாவே காற்றை அடைத்தார். கடைக்காரம்மா சொன்னது ஒன்றுவிடாமல் நடந்தது. கண்ணாடி கறுத்தது. புகை கிளம்பியது. நேராக மேலே போகிற புகை என்றால் பரவாயில்லை. இது பக்கத்துப் புகைபோக்கியைத் தாண்டி, வில்ஃப் மாமாவின் கொல்லையில் இறங்கி, அவருடைய துணிக்கொடியில் உட்கார்ந்துகொண்டது.

வில்ஃப் மாமா இரும்பு உருக்காலையில் வேலை பார்த்தவர். அவருடைய நுரையீரல் ஏற்கெனவே போதுமான புகையைப் பார்த்தாகிவிட்டது.

“தொந்தரவா இருக்கா வில்ஃப்?” என்று அப்பா சுவருக்கு மேலே கேட்டார்.

“சேச்சே, ஒண்ணுமே இல்லை நைஜல்.” ஒரு இருமல். “வாசனை நல்லாவே இருக்கு.” இன்னும் ரெண்டு இருமல்.

“பாத்தியா, அவனுக்குப் பிடிச்சிருக்கு” என்றார் அப்பா உள்ளே வந்து.

அம்மா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வில்ஃப் மாமா காய்ந்த படுக்கைவிரிப்பை எடுத்து, உதறி, கரித்தூளைப் பார்த்து, மறுபடி துவைக்க உள்ளே எடுத்துப் போனார். அன்றைக்கு மட்டும் இல்லை. அந்த வாரம் முழுக்க.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். நகராட்சிப் பெண் தெருமுனை திரும்புவதற்குள் அப்பா கொல்லைச் சுவரில் இருந்தார். கையில் டீ இல்லை.

“வில்ஃப்! வெளிய வா!”

அவர் வந்தார். கையில் ரெண்டு கோப்பை. அப்பாவுக்கும் சேர்த்துப் போட்டிருந்தார்.

“இத்தனை வருஷப் பழக்கம்! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? நகராட்சிக்கா போன் போடுவே?”

“நான் போடலையே நைஜல்.”

“அப்போ ஆடு போட்டுதா?”

வில்ஃப் மாமா கோப்பைகளைச் சுவர்மேல் வைத்தார். “உனக்கு இப்படி ஆயிடுச்சேன்னு வருத்தமா இருக்கு. என்னை மன்னிச்சிக்கோ.”

அப்பா திரும்பி உள்ளே வந்தார். டீயை எடுக்கவில்லை.

“கேட்டியா லொரெய்ன்? மன்னிப்பே கேட்டுட்டான்! தப்பு பண்ணாதவன் எதுக்கு மன்னிப்பு கேக்கணும்?”

“நம்ம ஊர்ல தப்பு பண்ணாதவன்தான் கேப்பான்” என்றாள் அம்மா. “நேத்து பஸ்ல ஒரு அம்மா காலை நீ மிதிச்சதுக்கு, அவங்க உன்கிட்ட ‘சாரி’ சொன்னாங்கன்னு நீதானே சொன்னே?”

“அது வேற.”

செவ்வாய், புதன் ரெண்டு நாளும் அப்பா டீயை அடுப்பு பற்ற வைக்காத முன்னறையில் நின்று குடித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் வில்ஃப் மாமா தனியாகச் சாய்ந்து நின்றார். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நான் போய்ப் பேசினேன். மழையைப் பற்றி எனக்கு அவ்வளவாகச் சொல்லத் தெரியவில்லை.

வியாழக்கிழமை ஒரு வேன் வந்தது. ரெண்டு பேர் இறங்கினார்கள். பழைய பூதத்தைக் கழற்றி வெளியே வைத்தார்கள். புகைபோக்கிக்குள் புதுக்குழாய் இறக்கினார்கள். அந்தச் சின்னப் பச்சை அடுப்பு வந்து உட்கார்ந்தது. அப்பா வேலை முடிந்து வரும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

“இது எப்போ வாங்கினே?”

“நீ பண்ணைக்குப் போன அன்னைக்கே சொல்லி வெச்சுட்டேன். இவங்களுக்கு இப்பதான் நேரம் கிடைச்சுது.”

அப்பா முதல் வேலையாகக் காற்றுக் கதவை மூடிப் பார்த்தார். முக்கால்வாசி வந்து நின்றது. குறடு எடுத்து வந்து இழுத்தார். நின்றது நின்றதுதான்.

“அது மூடாதுப்பா” என்றேன்.

“நீ சும்மா இரு.”

அம்மா பற்ற வைத்தாள். கட்டையைப் பிளந்து, பிளந்த உள்பக்கத்தில் ஈரம் பார்க்கும் கருவியைக் குத்திப் பார்த்து, காய்ந்ததை மட்டும் உள்ளே வைத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் தீ நடனமாடியது. அப்பா தெருவுக்கு ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தார். திரும்பி வந்தார்.

“ஒண்ணுமே வரலையே. எரியுதா அது?”

“எரியுது.”

மறுபடி ஓடினார். மறுபடி வந்தார். “ஒரு நூல்கூட வரலை லொரெய்ன்!” அவர் குரலில் சோகம்தான் அதிகம். பெற்ற பிள்ளை ஊமையாகப் பிறந்த மாதிரி.

அன்றைக்குச் சாப்பிடும்போதுதான் அம்மா சொன்னாள். உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள். அதுதான் அம்மா.

“நகராட்சிக்குப் போன் போட்டது நான்தான்.”

அப்பாவின் முள்கரண்டி பாதியில் நின்றது. “நீயா? சொந்த வீட்டு மேலயேவா?”

“பின்ன? அந்த மனுஷன் இருமிச் செத்தாலும் சொல்ல மாட்டார். நான் சொன்னா நீ கேக்க மாட்டே. மூணாவதா ஒருத்தர் வேணுமில்ல?”

“அப்போ பிஸ்கட்?”

“பசி, நைஜல். அவளுக்குப் பசி.”

அப்பா உருளைக்கிழங்கை முள்கரண்டியால் நசுக்கினார். அம்மா குரலை இறக்கினாள். அப்படி அவள் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

“இதோ பாரு. அவர் சனிக்கிழமை போயிடுவார். போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. ‘தப்பு என்னுது’ன்னு சொல்லு. அவ்வளவுதான். பத்து அடி நடக்கணும்.”

“நாளைக்குப் போறேன்.”

வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு மாலை வண்டி. சனிக்கிழமை காலையில் சாமான் வண்டி வந்துவிட்டது. நாற்காலி, கட்டில், ஒரு கடிகாரம். வில்ஃப் மாமாவின் வாழ்க்கை அவ்வளவுதான், அரை வண்டி. அப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டார். தலை வாரினார். கதவு வரைக்கும் போனார். திரும்பி வந்து அடுப்பைப் பற்ற வைத்தார்.

“இது எதுக்கு இப்போ?” என்றாள் அம்மா.

“அவன் மேல பாப்பான். புகை இல்லைன்னு தெரியும். மாத்திட்டேன்னு புரிஞ்சுக்குவான். வாயைத் திறந்து சொல்லணும்னு இல்லை.”

“நைஜல், வாயைத் திறந்து சொல்லு.”

“அவனுக்குப் புரியும்.”

நான் வெளியே போனேன். வில்ஃப் மாமா கோட்டு மாட்டிக்கொண்டு நடைபாதையில் நின்றிருந்தார். என் தலையில் கை வைத்தார். பிறகு எங்கள் வீட்டுக் கதவைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து புகைபோக்கியைப் பார்த்தார்.

“உள்ளதான் இருக்கார், கூப்பிடறேன் மாமா” என்றேன்.

“வேண்டாம் கண்ணு. தீகூட மூட்டலையே. நேத்து ராத்திரி வண்டி ஓட்டிட்டு வந்து தூங்கறான் போல. எழுப்பாதே. நான் விசாரிச்சேன்னு சொல்லு.”

அவர் வண்டியில் ஏற ஆரம்பித்தார். முழங்கால் வலி, மெதுவாகத்தான் ஏறினார். நான் உள்ளே ஓடினேன். அப்பா திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருந்தார்.

“புகைபோக்கியைப் பாத்தானா?”

“பாத்தார்.”

“என்ன சொன்னான்?”

“நீங்க தூங்கறீங்கன்னு சொன்னார்.”

வெளியே வண்டி உறுமியது. தெருமுனையில் இன்னொரு வண்டிக்கு வழிவிட நின்றது.

“இன்னும் அங்கதான் நிக்குது” என்றாள் அம்மா. “ஓடு நைஜல். போய்ச் சொல்லு.”

அப்பா குனிந்து அடுப்பில் இன்னொரு கட்டையை வைத்தார்.