பதினான்கு மணி நேர ஆட்டம்

இந்த விமானத்தில் நான் ஏறப்போவதில்லை என்று முடிவெடுத்தேன். அதை என் வாயால் சொல்லப்போவதுமில்லை. மனைவியே பயந்துபோய் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டும். அதுதான் திட்டம்.

லிஃப்ட் பரிசோதிப்பது என் தொழில். "இது விழாது" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவன். அதனாலேயே எதெல்லாம் விழும் என்று எனக்குத் தெரியும். மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம். பேத்தியைப் பார்க்கக் கொள்ளை ஆசை. ஆனால் நடுவில் பதினான்கு மணி நேரம் வெறும் ஆகாயம்.

நான்கு நாள் உட்கார்ந்து விமானப் பாதையைப் படித்து, எங்கெங்கே குலுக்கும் என்று ஒரு பட்டியல் தயாரித்தேன். சிவப்பு மையில் வட்டம் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மனைவி கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மூணாவது மணி நேரம், கடலுக்கு மேல இடிமேகம். குலுக்கி எடுத்துடும்."

"அய்யய்யோ."

"ஏழாவது மணி நேரம் மலைத்தொடர். காத்து மலைல மோதி மேல எகிறும். அதுக்கும் மேல நாம."

"அப்புறம்?"

"பதினொண்ணுல, ரொம்ப உசரத்துல வேகமா ஓடுற மேல்காத்து. வெளிய ஒரு மேகம் இருக்காது. திடீர்னு தூக்கிப் போடும்."

கத்தியைக் கீழே வைத்தாள். முகம் வாடிவிட்டது. என் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

"பயமா இருக்குங்க."

"அப்ப விட்டுடலாமா? குழந்தைய ஃபோன்லயே பார்த்துக்கலாம்."

"நீங்க பக்கத்துல இருக்கப்போ எனக்கு என்னங்க? எங்க ஆடும், எவ்வளவு நேரம் ஆடும், எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. எனக்கு ஆறுதல் சொல்லிக்கிட்டே வாங்க, போதும்."

வாயைக் கொடுத்து வகையாக மாட்டிக்கொண்டேன்.

மூன்றாவது மணி நேரம். பட்டியல் பொய்க்கவில்லை. தண்ணீர் தம்ளரை விட்டுத் துள்ளியது. அவள் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

"இறக்கை ஆடுதுங்க."

"ஆடணும்மா. வளையிற மாதிரிதான் செஞ்சிருக்கான். வளைஞ்சாதான் ஒடியாது."

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"பத்தே நிமிஷம். பெல்ட்ட இறுக்கிக்க."

மலைத்தொடர் வந்தது. வியர்த்துக்கொண்டே விளக்கினேன். பின்னிருக்கைக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார். அவருக்கும் விளக்கினேன். மேல்காற்று வருவதற்குள் மூன்று வரிசை என் வகுப்பாகிவிட்டது. பயப்பட எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

மகள் வீட்டுக் கூடத்தில் பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டேன். அப்படியே மகளின் மூக்கு அவளுக்கு. இதையா ஃபோனில் பார்க்க இருந்தேன்? அழுதுவிடுவேனோ என்று, அவசரமாகப் பெருமை பேச ஆரம்பித்தேன்.

"உங்கம்மா ரொம்ப பயந்துட்டாம்மா. வழி முழுக்க என் கைய விடவே இல்ல."

மகள் அம்மாவின் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"பயந்தது அம்மான்னா, தடம் எப்படிப்பா அம்மா கைல இருக்கு?"

என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. மனைவி குழந்தையின் காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். என் பயத்தை மறைக்க, தான் பயந்ததாகப் பதினான்கு மணி நேரம் நடித்திருக்கிறாள். எத்தனை பேருக்கு இப்படி ஒருத்தி வாய்ப்பாள்?

"ரொம்ப தேங்க்ஸ்மா" என்றேன், மனசார.

"இருக்கட்டும். திரும்பிப் போறப்போ யாருங்க பயப்படறது? நானா, நீங்களா?"