வில்லன் வராத க்ளைமாக்ஸ்

காஞ்சிபுரத்திலேயே புவி ஈர்ப்பு விசையை நம்பாத ஒரே மனிதர் எங்கள் கடை ‘க்ளைமாக்ஸ்’ அண்ணன்தான். ஒருத்தன் உதைத்தால் பத்துப் பேர் பறக்க வேண்டும். பறந்தவர்கள் தரைக்கு வருவதற்குள் ஹீரோ தலை வாரி முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதைப் படம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். “நெஜத்துல இப்டியெல்லாம் நடக்குமாண்ணா?” என்று கேட்டுவிட்டால் தொலைந்தோம்.

“நெஜத்தப் பாக்க நான் இன்னாத்துக்குப்பா டிக்கெட்டு எடுக்கணும்? அதான் ஊட்டாண்ட சும்மாவே ஓடிக்கினு இருக்குதே” என்பார்.

பட்டுப்புடவைக் கடையில் எனக்கு பில் போடும் வேலை. அவருக்கு வெள்ளை மெத்தையில் உட்கார்ந்து புடவை காட்டும் வேலை. மற்றவர்கள் புடவையை விரிப்பார்கள், இவர் வீசுவார். முழுப் புடவையும் காற்றில் ஏறி இறங்கி, முந்தானை கல்யாணப் பெண்ணின் மடியில் சரியாக வந்து விழும். கூடவே வாயால் ‘டுஷ்’ என்று ஒரு சத்தம். ஒருநாள் முந்தானை பாதை மாறிப் போய் மாப்பிள்ளையின் அப்பா மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், “ஸ்டன்ட்டுன்னா ஒரு கண்ணாடியாச்சும் ஒடையணும் சார்” என்றார். முதலாளி ஓடிவந்து, காலில் விழாத குறையாகச் சமாதானம் செய்தார்.

நல்ல புடவையை இவர் முதலில் காட்டியதே கிடையாது. சுமாரானவற்றை மெத்தை நிறையக் குவிப்பார். வந்தவர்கள் சலித்துப்போய் எழுந்து செருப்பைத் தேடும்போது கையை உயர்த்துவார். “உக்காருங்கம்மா. இதுவரிக்கும் வந்தது அடியாளுங்க. ஹீரோ இன்னும் வரல.” முதுகுக்குப் பின்னாலிருந்து ஒன்றை உருவி வீசுவார் பாருங்கள், எழுந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். க்ளைமாக்ஸ் என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

கடையில் எடுபட்ட வித்தையை வாழ்க்கையிலும் செய்து பார்த்தார். அங்கேதான் வந்தது வினை.

அவர் வீடு ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. அந்த இடம் ஏரிப் புறம்போக்கு என்று சொல்லி, தெருவையே காலி செய்யச் சொன்னார்கள். தெருக்காரர்கள் மனு கொடுத்தார்கள், நடையாய் நடந்தார்கள், கடைசியில் விதியே என்று சாமான் கட்டினார்கள். இவர் மட்டும் ஜன்னலுக்குப் புதுத் திரை மாட்டினார்.

“சாமானயாச்சும் வெளிய எடுத்து வைண்ணா” என்று கெஞ்சினேன்.

“கடைசி நிமிசத்துல ஸ்டே வரும்பா. வக்கீல் கோட்டு பறக்க ஓடியாருவாரு பாரு.”

“எந்த வக்கீலு? யாராண்ட பேசி வச்சிருக்க?”

“ஒருத்தர் வருவாருப்பா.”

அவருக்கு வக்கீலே கிடையாது. எந்த ஹீரோவும் முன்கூட்டியே வக்கீல் பிடித்து வைப்பதில்லையாம்.

பொக்லைன் வந்த காலையில் நானும் அங்கே இருந்தேன். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு, காலை அகட்டி நின்றார். காற்று வேறு சரியான நேரத்தில் சட்டையைப் பறக்கவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி நான்கூட ஏதோ நடக்கப்போகிறது என்று நம்பிவிட்டேன். கூட வந்திருந்த ஆபீசர் கையிலிருந்த காகிதத்தைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. வண்டிக்காரன் எஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

“தப்பா நெனச்சுக்காதண்ணா. நானே வாடகை ஊட்லதான் இருக்கேன். கொஞ்சம் நவுருண்ணா.”

இவர் வாயைத் திறந்தார். வசனம் வரவில்லை. நகர்ந்துகொண்டார். தெருக்காரர்களும் நானும் சேர்ந்து கைக்குக் கிடைத்த சாமான்களை ரோட்டில் கொண்டுவந்து போட்டோம். படத்தில் ஒரு சுவர் விழுந்தால் நாலு பக்கமிருந்தும் காட்டுவார்கள். இவர் வீடு ஒரே தட்டில் விழுந்து முடிந்தது.

மதியம் ஆளைக் காணவில்லை. அவர் மனைவி ரோட்டோரத்தில் பீரோமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “முசரவாக்கத்துக்கு, எங்க அக்கா ஊட்டுக்குப் போவ வண்டி சொல்லியாச்சுண்ணா. இந்த மனுசனக் காணோம். எதனா பண்ணிக்கப் போவுது, ஓடிப் போய்ப் பாருண்ணா” என்று அழுதார். ஏரிக்கரை முழுக்க ஓடினேன். தண்ணீரைப் பார்க்கவே பயமாக இருந்தது. கடைசியாகத் தியேட்டருக்குப் போனேன். மாட்னி ஷோவில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருக்கிறாரே என்ற நிம்மதி போய், உடனே ஆத்திரம் வந்தது.

“ஊடே போச்சு. இங்க வந்து படமாண்ணா பாத்துக்கினு இருக்க?”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “என் ஊட்ட இடிச்ச வில்லன் யாருன்னே தெரியலப்பா. ஆபீசரு தலையக் குனிஞ்சிக்கினாரு. வண்டிக்காரன் அண்ணான்றான். நான் யாரப் போய் ஒதைக்க? இங்கயாச்சும் ஒருத்தன், ‘நான்தான்டா பண்ணேன்’னு நெஞ்ச நிமித்திக்கினு முன்னாடி வரான் பாரு.”

 

திரையில் ஹீரோ ஒற்றைக் கையால் ஒரு லாரியைத் தூக்கினார். தியேட்டரே அலறியது. எப்போதும் விசிலடித்தே கூரையைப் பெயர்க்கும் மனிதர், துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். இந்த மாதிரிப் படங்கள் என்றாலே எனக்குத் தலைவலி வரும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “போடுறா அவன! விடாத, போடு!” என்று தொண்டை கட்டும்வரை அவருக்கும் சேர்த்து நானே கத்தினேன்.