லுங்கி பார்க்க வந்தவர்கள்

காலை எட்டு மணிக்குள் நாற்பத்திரண்டு பேர் கிங்ஸ்லியின் கடைக்கு வந்து போயிருந்தார்கள். ஒருவர்கூட ஒரு லுங்கி வாங்கவில்லை.

"இன்னா நைனா, யாராவது எடுத்தாங்களா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் அவன் அம்மா தேவசுந்தரி.

"பாத்துட்டுப் பூட்டாங்கம்மா."

"எப்ப வந்தாங்க? நான் வாசல்லதானே கீரை ஆஞ்சிகினு இருந்தேன்?"

கிங்ஸ்லியின் கடை கைபேசிக்குள் இருந்தது. பொதட்டூர்பேட்டைத் தறிகளிலிருந்து லுங்கிகளை வாங்கி, திருத்தணி வீட்டின் முன்னறையில் அடுக்கி வைத்து, இணையத்தில் விற்றான். போன வாரம்தான் விலை ஒப்பிடும் தளம் ஒன்றில் விளம்பரம் எடுத்திருந்தான். அது வேலை செய்யும் விதம் எளிமையானது. லுங்கி என்று ஒருவர் தேடினால் பத்துக் கடைகளின் படமும் விலையும் வரிசையாக வரும். ஒரு படத்தைத் தொட்டால் அந்தக் கடைக்குள் கொண்டுபோய் விடும். ஒவ்வொரு தொடுதலுக்கும், கடைக்காரர் முன்பே கட்டிய பணத்தில் கொஞ்சம் கழியும். உள்ளே வந்தவர் வாங்கினாரா, கொட்டாவி விட்டுத் திரும்பினாரா என்பது தளத்தின் கவலை இல்லை. ரயிலடி ஆட்டோக்காரர் பயணியைத் துணிக்கடை வாசலில் இறக்கிவிட்டுத் தரகு வாங்கிக்கொள்வாரே, அதேபோலத்தான். பணம் கட்டாத கடை அந்த வரிசையிலேயே இருக்காது.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட தேவசுந்தரி, "அப்ப வேடிக்க பாக்குறவனுக்கும் நீதான் வண்டிக் கூலி குடுக்கிறியா?" என்றாள். இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

விளம்பரம் எடுத்ததற்குக் காரணம் கெசியா.

முப்பத்திரண்டு வயது கிங்ஸ்லிக்கு இதற்கு முன் மூன்று சம்பந்தங்கள் 'கடை எங்க கீது?' என்ற ஒரே கேள்வியில் முறிந்திருந்தன. அரக்கோணத்துக்குக் கெசியாவைப் பார்க்கப் போனபோது, ரயில்வேயில் வேலை பார்க்கும் அவள் அப்பா எலியாஸும் அதையேதான் கேட்டார். கிங்ஸ்லி போனை நீட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், "ஆங்" என்றார். கெசியா மட்டும் காபித் தட்டை வைத்துவிட்டு, "கடைக்கு லீவு உண்டுங்களா?" என்று கேட்டாள்.

"லீவே கிடையாதுங்க. ராவும் பகலும் தொறந்தே இருக்கும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு கிங்ஸ்லியின் கதை முடிந்தது.

கிளம்பும்போது எலியாஸின் தங்கை ஹெப்சி, "நாங்க கொஞ்சம் விசாரிச்சிகினு, அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம சொல்றோம்ங்க" என்றாள்.

விசாரிப்பது என்றால் என்னவென்று தேவசுந்தரிக்குத் தெரியும். பெண் வீட்டிலிருந்து ஒருவர் வழிப்போக்கர்போல வருவார். தேநீர்க் கடையில் உட்கார்ந்து, பையன் எப்படி, தொழில் எப்படி என்று மெல்லப் பேச்சைப் போடுவார். எனவே அவள் டீக்கடை வேடியப்பனிடம் போய், "அரக்கோணத்து ஆளு யாராவது வந்து கேட்டா, எம்புள்ள தங்கம்னு சொல்லு" என்று சொல்லி வைத்தாள். கிங்ஸ்லி வேறு ஏற்பாடு செய்தான். விசாரிக்க வருகிறவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால், அனுப்பத் தயாராகப் பார்சல்கள் கூரைவரை நிற்க வேண்டும். அதற்கு ஆர்டர் வேண்டும். அதற்குத்தான் விளம்பரம்.

ஆனால் பார்சலும் இல்லை, விசாரிக்க ஆளும் வரவில்லை. வந்தவர்கள் இந்த நாற்பத்திரண்டு பேர்தான்.

கிங்ஸ்லி பேருந்து நிலையத்துக்கு எதிரே கைபேசிக் கடை வைத்திருக்கும் நண்பன் பரந்தாமனிடம் ஓடினான். விளம்பரம் எடுத்துக் கொடுத்தவன் அவன்தான்.

"வெல ஜாஸ்தி மச்சான். பக்கத்துக் கடைக்காரன் உன்னவிட இருபது ரூபா கம்மி. எறக்கு" என்றான் பரந்தாமன்.

விலையை இறக்கினார்கள். மறுநாள் அறுபத்தெட்டுப் பேர் வந்தார்கள். யாரும் வாங்கவில்லை. ஒருவர் மட்டும் கடையின் கேள்விப் பெட்டியில், 'ஏன் திடீரென்று விலை குறைந்தது? வியாபாரம் சரியில்லையா?' என்று எழுதியிருந்தார்.

"வாங்கறவன் இப்பிடியாடா கேப்பான்?" என்றான் கிங்ஸ்லி.

"சந்தோசப்படுவான். இவன் துக்கம் விசாரிக்கிறான்."

பரந்தாமன் அறிக்கையைத் திறந்தான். யார், எப்போது, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று தளம் ஒரு பட்டியல் கொடுக்கும். பேர் மட்டும் கொடுக்காது.

"காலைல ஏழுலேர்ந்து எட்டு. சாயங்காலம் ஏழுலேர்ந்து எட்டு. ஞாயித்துக்கெழம மட்டும் பதினோரு மணிக்கு மொத்தமா வந்து விழுந்துகீறாங்க. ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு எவன்டா லுங்கி பாப்பான்?"

"எந்த ஊரு?"

"சென்னைன்னு போட்டுகீது. அத நம்பாத. நம்ம பக்கத்துல எவன் போனத் தொட்டாலும் பாதி நேரம் சென்னைன்னுதான் காட்டும். சிக்னல் அங்க போயிட்டுத்தான் வருது."

"ஒரே ஆளு திரும்பத் திரும்பத் தொடுறானோ?"

"ஒரு போன் ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி தொட்டாலும் ஒரு கணக்குதான். இது அறுபத்தெட்டு போன் மச்சான்!"

கிங்ஸ்லி தன் கடையைத் திரையில் திறந்து நீட்டினான்.

"படம் சரியில்ல" என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னான் பரந்தாமன். "மடிச்சி வெச்ச லுங்கிய எவன் வாங்குவான்? கட்டிகினு நிக்கணும். நீயே நில்லு."

கட்டம் போட்ட நீல லுங்கியும் வெள்ளைச் சட்டையுமாக, கிணற்றடியில் இடுப்பில் கைவைத்து நின்றான் கிங்ஸ்லி. பரந்தாமன் படமெடுத்து ஏற்றினான்.

அடுத்த நாள் நூற்றுப் பதினெட்டுப் பேர். ஆர்டர் இல்லை. இந்த முறை அறிக்கையில் ஒரு புதுமை இருந்தது. வந்தவர்கள் சராசரியாக நான்கு நிமிடம் நின்றிருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தார்கள்.

"நாலு நிமிசம்! ஒரு லுங்கில நாலு நிமிசம் பாக்க இன்னாடா கீது?"

"பெருசாக்கினது லுங்கிய இல்ல மச்சான்" என்று திரையை உற்றுப் பார்த்தான் பரந்தாமன். "மேல் பாதிய. சட்ட நல்லா கீதுன்னு பாக்குறாங்களோ என்னவோ."

கேள்விப் பெட்டியிலும் ஒன்று காத்திருந்தது: 'படத்தில் உள்ளவரின் உயரம் என்ன?'

"அஞ்சு அடி ஏழு அங்குலம்னு போடு. லுங்கி நீளத்துக்குக் கேக்கறாங்க" என்றான் பரந்தாமன். போட்டார்கள். அந்தப் பதிலை மட்டும் எழுபது பேர் படித்தார்கள்.

வீட்டில் தேவசுந்தரி சோர்ந்துபோயிருந்தாள். "எட்டு நாளாச்சி நைனா. டீக்கடைல கேக்கல, சர்ச்சுல கேக்கல, ரேஷன் கடைலகூட ஒருத்தரும் உன்னப் பத்திக் கேக்கல. அவங்களுக்கு நம்மள புடிக்கல போலகீது."

கிங்ஸ்லிக்குச் சோறு இறங்கவில்லை. வர வேண்டியவர் ஒருவர், அவர் வரவில்லை. வரத் தேவையில்லாதவர்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர். அவர்கள் போகமாட்டேன் என்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை பரந்தாமன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "கண்டுபுட்ச்சிட்டேன்! எதிரிக் கடைக்காரன் ஆளு வெச்சித் தொட வெக்கிறான். உன் காசத் தீத்துட்டு உன்ன வரிசைலேர்ந்து தூக்கப் பாக்குறான். இது பெரிய ஊருங்கள்ல நடக்கிறதுதான்."

இப்போது எல்லாம் பொருந்தியது. வேலைநேரம்போல காலை, மாலை இரண்டு வேளை. வாங்காத கும்பல். கோமாளிக் கேள்விகள். கிங்ஸ்லிக்கு ரத்தம் கொதித்தது. விளம்பரத்தில் தன் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் எழுதினான்: 'நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும். வாங்க வக்கில்லாதவர்கள் என் கடையைத் தொடாதீர்கள்.'

சனிக்கிழமை காலை இருநூற்றுப் பத்துப் பேர் வந்தார்கள்.

"கட்டின காசு இன்னிக்குத் தீந்துடும். மறுபடி கட்டறியா?" என்று கேட்டான் பரந்தாமன்.

"ஒரு பைசா கட்டமாட்டேன். நிறுத்து."

"நிறுத்தினா வரிசைலேர்ந்து கட மறைஞ்சிடும்."

"மறையட்டும். நாளைக்குப் பொண்ணு வீட்டுல பதில் சொல்ற நாளு. நிம்மதியா இருக்கணும்."

மாலை ஆறரை மணிக்கு விளம்பரம் நின்றது. ஏழு மணி ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. பத்து நாளில் முதல்முறையாகக் கிங்ஸ்லி வயிறாரச் சாப்பிட்டான். பிறகு, விற்காத லுங்கிகளையெல்லாம் தாளில் சுற்றி, யாருடைய விலாசமும் எழுதாமல் முன்னறையில் கூரைவரை அடுக்கினான். யாராவது வந்தால் பார்க்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, தேவசுந்தரியின் போன் அடித்தது. அரக்கோணத்திலிருந்து ஹெப்சி. தேவசுந்தரி ஒலிபெருக்கியைப் போட்டாள். கிங்ஸ்லி பார்சல் குவியலில் சாய்ந்து நின்றான்.

"எங்க அண்ணன் இந்த சம்பந்தம் வேணாங்குறாருங்க" என்றாள் ஹெப்சி. "கெசியா நேத்திலேர்ந்து அழுதுகினு கீறா."

தேவசுந்தரிக்குப் பொறுக்கவில்லை. "இது நாயமாங்க? பத்து நாள்ல ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு வந்து எம்புள்ளையப் பத்தி விசாரிச்சீங்களா? வந்து பாக்காமயே வேணாம்னா எப்பிடிங்க?"

"வந்து பாக்கலியா?" என்று பொங்கினாள் ஹெப்சி. "எங்க சொந்தம், சபைக்காரங்க, ரயில்வே காலனின்னு அத்தினி பேரும் காலைல ஒரு வாட்டி சாயங்காலம் ஒரு வாட்டி போன்ல லுங்கின்னு தேடி உங்க கடைக்கு வந்து போய்கினுதானே இருந்தோம், உயரம்கூட கேட்டு எழுதிகினோம், வக்கில்லாதவங்கன்னு திட்டினதக்கூட பொறுத்துகினோம், லீவே இல்லன்னு சொன்ன மனுசன், நேத்து சாயங்காலம் கடையையே காலி பண்ணிகினு எங்கங்க பூட்டாரு?"