நீலமாக ஜொலிக்கும் நம் ஏரி

மேலேரிக்கரை,
சத்தியவேடு பக்கம்.
12.6.2019

ஹைதராபாத்தில் உட்கார்ந்து சாட்டிலைட் வைத்து ஏரித் தண்ணீரின் தெளிவை அளக்கும் என் மகன் சிரஞ்சீவி முரளிதரனுக்கு, நைனா திருவேங்கடம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் சுகம் என்று ஆரம்பிப்பதுதான் மரியாதை. ஆரம்பித்துவிட்டேன். சுகமில்லை.

சாயக் கம்பெனி வந்த நாலு வருஷத்தில் நம் ஏரி கிழமைக்கு ஒரு நிறம். கரைக் கிணறும் அதே கதி. கெஞ்சிக் கூத்தாடி ஊருக்குத் தண்ணீர் லாரி வரவழைத்தோம். போன மாதம் அதை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்கப் போனால் அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பி, உன் ஆபீஸ் போட்ட படத்தைக் காட்டுகிறார். சுற்றுவட்டாரத்திலேயே நம் ஏரிதான் நீலமாக ஜொலிக்கிறது. நீலம் என்றால் தெளிந்த தண்ணீராம். "சூடண்டி பெத்தாயனா, பாருங்க பெரியவரே, ஆறு அடி ஆழம் வரைக்கும் பளிச்சுனு தெரியுதாம். கரையில அளந்த கணக்கும் ஒத்துப் போவுது. இன்னும் லாரி எதுக்கு?" என்கிறார். கீழே உன் பெயர் வேறு. பெருமைப்படுவதா, சட்டையைக் கிழித்துக்கொள்வதா என்று தெரியாமல் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

பக்கத்து வீட்டு ரங்கையாவின் எருமைகள் இரண்டும் ஏரியில் குடித்துக் கரையிலேயே செத்தன. துக்கம் கேட்கப் போனால், "ஒம் புள்ள மேலேந்து எல்லாத்தயும் பாத்துக்கினு கீறானே, எம் மாடு உருண்டது மட்டும் தெரியலியா?" என்று துண்டை உதறுகிறான். இப்போதெல்லாம் காலையில் கரையேறி, ஆகாயத்தைப் பார்த்து உன்னை ஏசிவிட்டுத்தான் பல் விளக்கப் போகிறான். உன் அம்மா ஜெயம்மா கிணற்றுத் தண்ணீர் குடித்து, வாந்தியெடுத்து, எட்டு நாளாகத் திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கிட்னி பாழ் என்கிறார் டாக்டர். உன் சாட்டிலைட் குருடு. அதற்கு ஒரு கண்ணாடி மாட்டு, இல்லையென்றால் கழற்றி எறி. படத்தை மாற்றினால்தான் லாரி வரும்.

வேளைக்குச் சாப்பிடு. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. ஏழுமலையான் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான்.

இப்படிக்கு,
உன் நைனா
திருவேங்கடம்

பின்குறிப்பு: சாட்டிலைட்டைத் திட்டியதையெல்லாம் அடித்துவிடு. கயிறு கட்டி ஒரு வெள்ளைத் தட்டு அனுப்பினாயே, ஏரியில் இறக்கி எத்தனை அடியில் கண்ணுக்கு மறைகிறது என்று வாராவாரம் எழுதச் சொல்லி. ஒரு சாணில் மறைந்தது. நான் ஆறு அடி என்று எழுதினேன். அப்போது உனக்குப் பெண் கொடுக்கப் புத்தூரிலிருந்து வந்தவர்கள், "ஊர்ல தண்ணி எப்பிடி?" என்றுதான் முதலில் கேட்டார்கள். ஏரி கெட்டது என்று உன் ஆபீஸ் ஊரறியப் படம் போட்டால் சம்பந்தம் போய்விடும் என்று பயந்தேன். என் கணக்கை நம்பித்தான் நீ சாட்டிலைட்டைச் சரிபார்த்திருக்கிறாய். அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம் என்று நான் தடுத்தபோது, "எம் புள்ளையே அளந்து நல்ல தண்ணின்னு சொல்லிக்கீறான், இன்னா பயம்?" என்று சொல்லித்தான் இரண்டு சொம்பு குடித்தாள்.