சின்ராசு ஆள் சேர்த்த வகுப்பு

ஆன்லைன் வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடமாகியும் ஐந்து நர்சுகள்தான் வந்திருந்தார்கள். வகுப்பெடுக்கும் நர்சு முத்துப்பிரியா திரையில் தலைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினாள். பாலியல் கல்வியைக் கூச்சமில்லாமல் பேச நர்சுகளுக்குக் கற்றுத்தரும் முதல் வகுப்பு அது. முப்பது பேர் சேர்ந்து, கேள்வியும் கேட்டால்தான் அவள் மாவட்டத்துக்கே பயிற்சியாளர். இல்லாவிட்டால் பழையபடி தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குரங்கணி மேடு ஏற வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் வகுப்பு வைத்த புண்ணியவான் எவனோ தெரியவில்லை. கண்காணிக்க வந்த அதிகாரி சந்திரவல்லி வேறு திரையில் முகத்தை உம்மென்று வைத்திருந்தார்.

மைக்கை அணைத்துவிட்டு, ஜீப் ஓட்டும் கணவன் சின்ராசுவிடம் புலம்பினாள்.

"ஆள் சேக்குறதுக்கா இந்த அழுகை? தெனம் விடியக்காலம் ஜீப்பை ரொப்புறவன் நான். லிங்கைக் கொண்டா."

"நர்சுக நம்பரு அந்த நோட்டுல இருக்கு. வெரசா கூப்பிடுங்க."

"நீ உன் சோலியப் பாரு."

கால் மணி நேரத்தில் முப்பத்திரண்டு பேர். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஒருவரும் முகம் காட்டவில்லை, வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் இருந்தார்கள்.

"பேரும் வேண்டாம், முகமும் வேண்டாம். உங்ககிட்ட வர்ற பொம்பளைக எப்படிக் கேப்பாங்களோ, அப்படியே நடிச்சுக் கேளுங்க," என்றாள்.

மறுபடி மைக்கை அணைத்தாள்.

"வந்தும் பேச மாட்டேங்கறாங்களே."

"அம்புட்டுத்தானே?" சின்ராசு போனோடு வாசலுக்குப் போனான்.

அப்புறம் மடை திறந்துகொண்டது.

"உறை போடச் சொன்னா, 'எம்மேல சந்தேகமா'ங்கிறாரு வீட்டுக்காரரு. என்ன சொல்லட்டும்?"

"சந்தேகமில்லை, ரெண்டு பேருக்கும் காவல்னு சொல்லுங்க."

"தீட்டு நின்னு மூணு வருசமாச்சு. இன்னும் ஆசை வருது. தப்பா தாயி?"

"தப்பே இல்லைக்கா. ஆசைக்கு ரிட்டயர்மெண்டு கிடையாது."

ஆளாளுக்கு முந்திக்கொண்டு கேட்டார்கள். என்ன நடிப்பு, பேச்சுவழக்கைக்கூட விடவில்லையே என்று முத்துப்பிரியா பூரித்துப்போனாள். வகுப்பு அரை மணி நேரம் கூடுதலாக ஓடியது. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது அவளுக்கு.

சந்திரவல்லி ஒருவழியாகச் சிரித்தார். "நர்சுங்க இப்படி மனசுவிட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. முத்துப்பிரியா, மாவட்டம் உங்களுக்குத்தான். வருகைப் பதிவுக்காக எல்லாரும் எந்தச் சுகாதார நிலையம்னு மட்டும் சொல்லிடுங்க."

மைக் ஒன்று கரகரத்தது.

"நெலையமெல்லாம் இல்லீங்க, நாங்க ஏலக்காத் தோட்டத்து ஆளுக. கேள்வி கேட்டவுகளுக்கு நாளைக்கு ஜீப்புல முன்சீட்டுன்னு சின்ராசு அண்ணே சொன்னாரு. இருபத்தேழு பேரும் கேட்டாச்சு, இப்ப முன்சீட்டு யாருக்குங்க?"